நினிவேயின் நாற்பது நாள்: நீலகிரியில் தீர்க்கதரிசனமும் மனந்திரும்புதலும் இரட்சிப்பும்

தீர்க்கதரிசனம் எதற்காகச் சொல்லப்படுகிறது? வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கா, இன்றைய வாழ்வைத் திருத்திக்கொள்வதற்கா? நீலகிரிச் சபைகளுக்கு இது வெறும் வேதபாடக் கேள்வி அல்ல. வடகிழக்குப் பருவமழை நாலைந்து நாள் விடாமல் பெய்தால் குன்னூர், கோத்தகிரி, கேத்திச் சரிவுகளில் இருப்பவர்கள் இரவில் உறங்குவதில்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்தால் சிறு விவசாயியின் வீட்டில் அடுப்பு எரிவதே பாடாகிவிடும். இப்படிப்பட்ட காலங்களில் உபவாச ஜெபங்களிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் கைப்பேசிக்கு வரும் செய்திகளிலும் தீர்க்கதரிசனம் என்ற பெயரில் பல குரல்கள் எழுகின்றன. இது கடைசிக் காலம் என்கிறது ஒரு குரல். இந்த ஊரின் பாவத்துக்கு வந்த தண்டனை என்கிறது இன்னொன்று. இந்த வருஷம் உங்களுக்கு இரட்டிப்பான ஆசீர்வாதம் என்று வாக்களிக்கிறது மற்றொன்று.

இவற்றை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே இக்கட்டுரையின் தேடல். வேதாகமத்தையும், இந்த மலையிலும் அதைச் சுற்றிய தமிழ், மலையாள நாட்டிலும் இதுவரை நடந்தவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விடை தெளிவாகவே கிடைக்கிறது. மனந்திரும்புதலுக்கு அழைத்த தீர்க்கதரிசனம் கனி கொடுத்திருக்கிறது. நாள் குறிக்கவும் பிறர்மேல் பழி சுமத்தவும் பயன்பட்ட தீர்க்கதரிசனம் சபையைக் காயப்படுத்தியிருக்கிறது.

வேதாகமம் காட்டும் அளவுகோல்

யோனாவின் புத்தகத்தில் தீர்க்கதரிசனத்துக்குக் காலவரை உண்டு. நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று யோனா அறிவித்தான். நினிவே கவிழவில்லை. ராஜா முதல் சாமானியன் வரை இரட்டுடுத்தி, தங்கள் கைகளிலிருந்த கொடுமையை விட்டுத் திரும்பினார்கள். தேவன் தாம் செய்வதாகச் சொன்ன தீங்கைச் செய்யவில்லை. சொன்னது நடக்காமல் போனதால் அது பொய்த் தீர்க்கதரிசனம் ஆகிவிட்டதா? இல்லை, சொல்லப்பட்ட நோக்கம் முழுவதுமாக நிறைவேறியது. எரேமியா 18-ஆம் அதிகாரம் இதையே குயவன் வீட்டில் வைத்துப் பொது விதியாகச் சொல்கிறது. அழிவு என்று அறிவிக்கப்பட்ட ஜாதி திரும்பினால் அழிவு நீங்கும். நன்மை என்று அறிவிக்கப்பட்ட ஜாதி பொல்லாப்புச் செய்தால் நன்மையும் நீங்கும். எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தில் வரும் காவற்காரன் எக்காளம் ஊதுவதும் ஜனங்கள் பிழைக்கும்படியாகத்தான்.

இதற்கு மறுபக்கமும் வேதத்தில் இருக்கிறது. எரேமியா 28-இல் வரும் அனனியா ஜனங்களுக்குப் பிடித்த செய்தியைச் சொன்னவன். பாபிலோனின் நுகம் இரண்டே வருஷத்தில் முறிந்துபோகும் என்று நாள் குறித்தான். யாரையும் எதையும் மாற்றிக்கொள்ளும்படி அவன் கேட்கவில்லை. அந்த வருஷமே அவன் இறந்தான். பாபிலோனின் நுகம் இறங்கவில்லை. உபாகமம் 18-ஆம் அதிகாரம், கர்த்தர் பேரில் சொல்லி நடக்காமற்போன வார்த்தை துணிகரத்தினால் சொல்லப்பட்டது என்று கண்டிக்கிறது. பிதா ஒருவரைத் தவிர அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்று மத்தேயு 24-இல் இயேசு கூறுகிறார். அப்போஸ்தலர் 1-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் காலத்தைப் பற்றிக் கேட்டபோதும், அது அவர்களுக்கு அடுத்ததல்ல என்று சொல்லிவிட்டுச் சாட்சிகளாகப் போகும்படி அனுப்புகிறார்.

ஆக, இரண்டாம் வருகை கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுநாடி என்பதில் ஐயமில்லை. அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அல்ல. ஆனால் அந்த நம்பிக்கை நம் கையில் கொடுப்பது விழிப்பையும் பணியையுமே, நாட்காட்டியைக் கொடுப்பதில்லை.

மலை ஏறி வந்த செய்தி

இந்த மலைக்கு நற்செய்தி முதன்முதலில் ஒரு தேடலாக வந்தது. மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டு, பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் அனுப்பிய இயேசு சபைக் குரு ஜாக்கோமோ பெனிச்சியோ 1603-இல் கோழிக்கோட்டிலிருந்து புறப்பட்டுத் தோடர் நாட்டை அடைந்தார். அவர் கண்டது எருமைகளையும் பாலையும் சுற்றி வாழ்வையும் வழிபாட்டையும் அமைத்துக்கொண்ட ஒரு மக்களை. கிறிஸ்தவச் சுவடு எதுவும் அங்கே இல்லை என்று எழுதித் திரும்பினார். அந்த முயற்சி அதோடு நின்றது.

அடுத்து வந்தது அதிகாரத்தோடு வந்த சபை. ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறியபின் உதகை ஆங்கிலேயரின் கோடைவாசமானது. புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1830-இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையை இடித்தெடுத்த உத்தரங்கள் அந்த ஆலயத்தின் கூரையைத் தாங்குகின்றன. வென்றவனின் வீட்டுக் கோவிலாகத் தொடங்கிய சபை மலைமக்களிடம் மனந்திரும்புதலைப் பேசுவது எளிதாக இருந்திருக்க முடியாது.

மலைமக்களின் மொழியில் பேச முயன்றவர்கள் பாசல் மிஷன் ஊழியர்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் குடியேறியிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஜார்ஜ் ஜேம்ஸ் காசமேஜர் அவர்களை அழைத்தார். 1846-இல் பணி தொடங்கியது. 1849-இல் இறந்த காசமேஜர் தம் சொத்தை மிஷனுக்கே விட்டுச் சென்றார். அவர்களில் மெட்ஸ் போன்றவர்கள் படகர்களின் ஊர்களான ஹட்டிகளுக்கெல்லாம் நடந்தார்கள். ஆனாலும் முதல் படகர் ஞானஸ்நானம் 1858-இல்தான் நடந்தது. பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு. ஊரும் உறவும் ஒதுக்கிவைக்கும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. தோடரிடையே கேத்தரின் லிங் அம்மையார் பல பத்தாண்டுகள் உழைத்து ஒரு சிறு கிறிஸ்தவச் சமூகம் உருவாகக் காரணமானார். கணக்கில் இவை சிறிய எண்ணிக்கைகள். ஆயினும் அவசர எச்சரிக்கையால் வராத, கூட இருந்து நடந்ததால் வந்த மாற்றங்கள் அவை.

படகர் சாவுச் சடங்கில் ஒரு பாவப் பட்டியல்

மிஷனரிகளை வியக்கவைத்த ஒன்று படகர் சமுதாயத்தில் ஏற்கெனவே இருந்தது. இறந்தவரின் உடலைச் சுற்றி ஊர் கூடி நிற்கும்போது ஒரு பெரியவர் பாவங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வார். கூட்டம் ‘பாவம்’ என்று ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். இறந்தவர் 1300 பாவங்கள் செய்திருந்தாலும் அவையெல்லாம் நீங்கட்டும் என்று வேண்டி, அவற்றை ஒரு கன்றின்மேல் ஏற்றி அதை அவிழ்த்துவிடுவார்கள். மெட்ஸும், 1871-இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட சார்லஸ் கோவரும், பின்னர் எட்கர் தர்ஸ்டனும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லைக்கல்லை நகர்த்தியது, வழி தெரியாதவனுக்குத் தவறான வழியைக் காட்டியது, பசித்தவனுக்குச் சோறு போடாதது, குளிரில் விறைத்தவனுக்கு நெருப்புத் தராதது, அடுத்தவன் எருமை அதிகம் பால் கறந்ததைக் கண்டு பொறாமைப்பட்டது, தண்ணீரை அசுத்தப்படுத்தியது. உபாகமம் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் லேவியர் சாபங்களை உரத்துச் சொல்ல, ஜனங்கள் ஆமென் என்கிறார்கள். அங்கும் எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் வருகிறான்; குருடனை வழிதப்பச் செய்கிறவன் வருகிறான். லேவியராகமம் 16-இல் ஆரோன் ஜனங்களின் அக்கிரமங்களை வெள்ளாட்டுக்கடாவின் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். எங்கோ இருந்த இரண்டு மக்கள் பாவம் என்றால் அயலானுக்குச் செய்த தீங்கு என்றும், அதைத் தானே சுமந்து தீர்க்க முடியாது என்றும் அறிந்திருந்தார்கள். பாவ உணர்வை இந்த மலைக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான் என்று எந்தச் சபையும் பெருமை கொள்ள இடமில்லை.

கிறிஸ்தவச் செய்தி இங்கே சேர்த்தது இரண்டு. ஒன்று, உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி கிறிஸ்து என்ற அறிக்கை. மற்றொன்று, காலம் பற்றியது. படகர் சடங்கில் பாவ அறிக்கை இறந்தவருக்காகச் சொல்லப்படுகிறது. தீர்க்கதரிசி உயிரோடிருப்பவனிடம் வந்து, எல்லைக்கல்லை இன்றே பழைய இடத்தில் நடு என்கிறான். மனந்திரும்புதலின் அவசரம் உலகம் எப்போது முடியும் என்பதிலிருந்து வருவதல்ல. அயலானும் நானும் உயிரோடிருக்கும் நாட்கள் குறைவு என்பதிலிருந்து வருவது.

நாள் குறித்தவர்கள்

மலையிலிருந்து தெற்கே இறங்கிப் பார்த்தால் இந்த உண்மைக்கு ஒரு பெரிய சான்று கிடைக்கிறது. திருநெல்வேலியைச் சேர்ந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், மிஷனரி ரேனியஸிடம் கற்றவர். அந்தோணி நோரிஸ் குரோவ்ஸின் எளிய, விசுவாசத்தை மட்டும் நம்பிய ஊழிய முறையால் ஈர்க்கப்பட்டவர். 1840-இல் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார். 1860-இல் அவர் சபைகளில் எழுப்புதல் உண்டானது. ஆண்களும் பெண்களும் பாவங்களை அறிக்கையிட்டு அழுதார்கள். தரிசனங்களும் தீர்க்கதரிசனங்களும் வெளிப்பட்டன. சம்பளம் எதிர்பாராமல் ஊர் ஊராகச் செய்தி கொண்டுபோனார்கள். மேல்நாட்டுப் பணமும் மேற்பார்வையும் இன்றித் தமிழ் மண்ணிலேயே முளைத்த எழுப்புதல் அது.

அதன் அலை திருவிதாங்கூரை எட்டியது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861-இல் ஞானஸ்நானம் பெற்ற யூஸ்துஸ் யோசேப்பு, வித்வான் குட்டி என்று அன்போடு அழைக்கப்பட்டவர், 1873-இல் எழுந்த எழுப்புதலின் தலைவரானார். மனந்திரும்புதலில் தொடங்கிய அந்த இயக்கம் சில வருஷங்களில் திசை மாறியது. 1875-இல் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: ஆறு வருஷத்தில், 1881-இல், கிறிஸ்து வருவார். சாதியையும் சபை வேறுபாட்டையும் மறந்து ஒன்றாக அழுதவர்கள் இப்போது நாளை எண்ணத் தொடங்கினார்கள். 1881 வந்தது, போனது. பலர் பழைய சபைகளுக்குத் தலைகுனிந்து திரும்பினார்கள். எஞ்சியவர்கள் யூயோமயம் என்ற தனிச் சபையானார்கள். வித்வான் குட்டியின் பாடல்களை மலையாளச் சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன; அவர் இயக்கம் குறித்த நாளோ எச்சரிக்கைக் கதையாக நிற்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ நம்பி ஏமாந்தார்கள். அதே நாட்டில் 2011 மே 21 என்று ஹெரால்டு கேம்பிங் அறிவித்த நாளும் வெறுமையாகக் கடந்தது.

இந்த வரலாற்றில் வலிக்கிற இடம் ஒன்று உண்டு. எழுப்புதல் பொய் அல்ல. கண்ணீர் பொய் அல்ல. மனந்திரும்பிய இருதயங்களின் மெய்யான தாகத்தை நாட்காட்டி விழுங்கிவிட்டது. அந்த நாள் பொய்த்தபோது தேதியோடு சேர்ந்து விசுவாசமும் பலருக்குச் சரிந்தது. நம் நாளில் பார்கோடு, ஆதார் அட்டை, கொரோனாத் தடுப்பூசி என ஒவ்வொன்றையும் மிருகத்தின் முத்திரை என்று பரப்பியவர்கள் எளிய விசுவாசிகளை அதே பள்ளத்துக்குத்தான் அழைத்துப் போகிறார்கள்.

நிலம் சரிந்தபோது

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் பெய்த பெருமழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் நிலம் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கூடலூருக்கு அப்பால், வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளை 2024 ஜூலை 30 அதிகாலையில் மண்ணும் பாறையும் மூடின. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஒவ்வொரு முறையும் இது யாருடைய பாவத்தால் என்ற கேள்வி எழுகிறது. லூக்கா 13-இல் அதே கேள்வி இயேசுவிடம் வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்திருந்தார்கள். எருசலேமிலிருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். பிறகு கேட்டவர்களை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். இறந்தவரைக் குற்றம் சாட்டும் வாயை அவர் அடைக்கிறார். உயிரோடிருப்பவரின் மனச்சாட்சியைத் திறக்கிறார். புதைந்த வீட்டின் முன் நின்று அந்த வீட்டாரின் பாவத்தைப் பேசுகிற எவரும் கிறிஸ்துவின் வாயாகப் பேசவில்லை.

அப்படியானால் நிலச்சரிவில் மனந்திரும்ப ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. செங்குத்தான சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பியது, சோலையை அழித்தது, நீரோடையை மறித்தது, வடிகாலை அடைத்தது, விதியை மீறிய கட்டடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டது: இவையெல்லாம் மனிதர் செய்தவை. இவற்றால் ஆதாயம் அடைந்தவர் ஒருவர். மண்ணுக்குள் போனவர் வேறொருவர். சரிவின் அடியில் மலிவான இடத்தில் வீடு கட்டிக்கொண்ட ஏழையை நோக்கி மனந்திரும்பு என்று சொல்லிவிட்டு, மேலே மலையை வெட்டியவரின் காணிக்கையை வாங்கிக்கொள்ளும் சபை ஆமோஸின் புத்தகத்தைத் திறக்கவே தயங்க வேண்டும்.

எஸ்டேட்டில் மனந்திரும்புதல்

யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலியே கூக்குரலிடுகிறது. அந்தக் குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிக்கு எட்டுகிறது. தேயிலை மலையில் இந்த வசனத்தைவிடத் தெளிவான தீர்க்கதரிசனம் தேவையில்லை. கங்காணி முன்பணத்தில் கட்டுண்டு சமவெளியிலிருந்து ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை உரிமையாக்கியது. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டது. கொழுந்து பறித்துத் தேய்ந்த கை ஓய்வு பெற்றால் வீடும் கைவிட்டுப் போகும். 1964-இன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப்பின் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தர 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துச் சிறு சபைகள் பலவற்றில் ஜெபிப்பவர்கள் இந்த மக்கள்தான். இரண்டு முறை வேரோடு பிடுங்கப்பட்டவர்களுக்கு இரண்டாம் வருகை தத்துவம் அல்ல. வீடு கிடைக்கும் என்ற ஏக்கம். அந்த ஏக்கத்தைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை.

ஆனால் அவர்களுக்குப் பிரசங்கிக்கப்படும் மனந்திரும்புதல் பெரும்பாலும் குடியை விடுவதோடும் கூட்டத்துக்கு வருவதோடும் நின்றுவிடுகிறது. குடியை விட்டவரின் வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வரும் விடுதலை உண்மையானது. அதை நூறு சாட்சிகள் சொல்லும். ஆயினும் அதே மேடையிலிருந்து நிறுவைத் தராசில் கொழுந்தைக் குறைத்து எடுப்பவனுக்கும், ஆதிவாசி நிலத்துக்குள் வேலியை நகர்த்தியவனுக்கும், வட்டிக்கு வட்டி வாங்குபவனுக்கும் அதே அழைப்பு போவதில்லை. பச்சைத் தேயிலை விலை 2000-ஆம் ஆண்டு வாக்கில் அடியோடு சரிந்தபோது கடனில் மூழ்கிய சிறு விவசாயிகளுக்கு இரட்டிப்பான ஆசீர்வாதத்தை வாக்களிப்பது அனனியாவின் வேலை. எரேமியா அப்படிப் பேசமாட்டான்.

இரட்சிப்பு எங்கே நிற்கிறது

இங்கே ஒரு மறுப்பு எழும். இப்படிச் சொன்னால் இரட்சிப்பு கிருபையினாலல்ல, கிரியையினால் என்று ஆகிவிடாதா? சகேயுவின் வீட்டில் இதற்குப் பதில் இருக்கிறது. இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார். அதற்கு அவன் எந்தத் தகுதியும் காட்டவில்லை. அதன்பின் சகேயு எழுந்து, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். அப்போதுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். கிருபை முந்திக்கொண்டு வந்தது. திருப்பிக் கொடுத்தல் அதைத் தொடர்ந்து வந்தது. எபேசியர் 2-உம் இதே வரிசையில் பேசுகிறது: கிருபையினால் இரட்சிப்பு, நற்கிரியைகளுக்காக உருவாக்கப்படுதல்.

மரபுகள் பல இருந்தாலும் இதில் வேறுபாடில்லை. உதகை மறைமாவட்டம் 1955-இல் உருவானது. அதைச் சேர்ந்த கத்தோலிக்கர் தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடும்போதும், கந்தல் குருசடிக்கு நடக்கும்போதும், திருடியதைத் திருப்பித் தராத அறிக்கை முழுமையல்ல என்று அவர்கள் திருச்சபை கற்பிக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனையில் பாவ அறிக்கைக்குப் பின்னரே மன்னிப்பின் வார்த்தை வருகிறது. பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானத்துக்குமுன் பழைய பகையைத் தீர்த்துவிட்டு வரச் சொல்லும் மூப்பர்கள் இருக்கிறார்கள். மூன்றும் ஒரே நற்செய்தியின் மூன்று நடைமுறைகள்.

தீர்ப்பு

ஒரு தீர்க்கதரிசனத்தைக் கேட்டதும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. அது கிறிஸ்து மறைத்துவைத்த நாளைத் தான் அறிந்ததாகச் சொல்கிறதா? அது துன்பப்படுகிறவன்மேல் பழியை ஏற்றுகிறதா? அது என்னிடம் எதையும் திருத்தச் சொல்லாமல் ஆசீர்வாதத்தை மட்டும் வாக்களிக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்றால், யார் சொன்னாலும் எத்தனை பேர் கைதட்டினாலும் அதை ஏற்க வேண்டாம். மாறாக, அது கேட்டவனைச் சிலுவையண்டை நிறுத்தி, அயலானுக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்ய எழுப்பினால் அதைத் தேவனுடைய வார்த்தையாக ஏற்றுக்கொள்ளலாம்.

நீலகிரியின் ஊழியர்களுக்கும் மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த உபவாச ஜெபத்தில் கடைசிக் காலத்தின் அடையாளங்களைப் பற்றிப் பேசுங்கள்; அதோடு கூலியையும், எல்லைக்கல்லையும், வெட்டப்பட்ட சரிவையும், ஓய்வுபெற்றவரின் வீட்டையும் பற்றி அதே அபிஷேகத்தோடு பேசுங்கள். இதை வாசிக்கும் விசுவாசியே, நீர் திருப்பித் தர வேண்டியது யாருக்கு என்று உமக்குத் தெரியும். அவர் உயிரோடிருக்கும்போதே போய்க் கொடுத்துவிடும்.